பஸ்ஸுக்கு முதுகு காட்டிய நிழற்குடை

எங்கள் முதலாளிக்கு வியூ என்றால் உயிர். கோயமுத்தூர்க்காரர். கீழே மனை பிரித்து விற்று முன்னுக்கு வந்து, பிறகு மலையேறி கோத்தகிரியில் ஒரு ஆபீஸ் போட்டார். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் கணக்கு, போன், டீ வாங்கி வைப்பது, கஸ்டமரிடம் பல்லைக் காட்டுவது எல்லாமே நான்தான். "செங்கல்லும் சிமெண்டும் எவன் வேணா விப்பான் அம்மிணி, நாம விக்கறது வியூ" என்பார். அவர் கட்டும் வில்லாக்களில் வாசல் பள்ளத்தாக்கைப் பார்க்கும், சமையலறை பள்ளத்தாக்கைப் பார்க்கும், குளியலறை ஜன்னல்கூடப் பள்ளத்தாக்கைத்தான் பார்க்கும். பள்ளத்தாக்கும் திருப்பிப் பார்க்காதா என்று ஒரு கஸ்டமரின் மனைவி கேட்டுவிட்டார். கீழே கண்ணுக்கெட்டிய வரைக்கும் யானையும் காட்டெருமையும்தான், அதுகளுக்கு அவசர வேலை நிறைய இருக்கிறது என்று முதலாளி சமாதானம் சொன்னார்.

இந்த வியூ வாரத்தில் பாதி நாள் தெரியாது. மூட்டம் வந்து கவிந்துவிட்டால் பால்கனிக் கம்பிக்கு அப்பால் வெள்ளை வேட்டி கட்டிவிட்டது போல இருக்கும். அப்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு, போனில் இருக்கும் படத்தைக் கஸ்டமருக்குக் காட்டச் சொல்வார். "இப்பத் தெரியலீங்க, ஆனா இருக்குதுங்க" என்று நான் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் விசுவாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பாஸ்டர் சம்சாரம் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

வியூவுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது தர்மம். மனசு தங்கம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உடம்பு மலையேறி வந்ததே தவிர, யோசனை மேட்டுப்பாளையத்தைத் தாண்டவில்லை. முதல் வருடமே சித்திரை மாதத்தில் கோத்தகிரி மார்க்கெட் பக்கத்தில் மோர்ப்பந்தல் போட்டார். ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் போன ஜனங்கள் மரியாதைக்காக ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் பல் கிட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் சுட வைத்துத் தர முடியுமா என்று ஒரு ஜீப் டிரைவர் கேட்டார். அடுத்தது பள்ளிக்கூடம். எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு எல்லா வகுப்பிலும் சீலிங் ஃபேன் மாட்டிக் கொடுத்தார். அவர் கார் வளைவில் தெரிந்ததும் டீச்சர் ஸ்விட்சைப் போடுவார். பிள்ளைகள் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு, கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காற்று வருதா கண்ணுகளா என்று கேட்பார். வருதுங்க சார் என்று மொத்தப் பள்ளிக்கூடமும் நடுங்கிக்கொண்டே சொல்லும். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டோம். கொடுத்தவரிடம் குறை சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. கல்யாணத்தில் வந்து சேர்கிற எட்டாவது சுவர்க்கடிகாரத்தையும் இதுதான் வீட்டில் இல்லாமல் இருந்தது என்று சொல்லித்தான் வாங்குவோம். படுகர் வீடாக இருந்தாலும், சிலோனிலிருந்து வந்தவர்கள் வீடாக இருந்தாலும், சர்ச்சை ஒட்டிய எங்கள் நாலைந்து வீடாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே ஜாதி. அந்த மரியாதைதான் கடைசியில் எங்கள் பஸ்ஸுக்கே உலை வைத்தது.

எங்கள் ஊரிலிருந்து கோத்தகிரிக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். வளைவில் நிற்கும். அதை விட்டால் கீழே மெயின் ரோட்டு முக்குக்குப் போக வேண்டும். செங்குத்தான இறக்கம். இறங்குவது கூட ஆகட்டும், சாயங்காலம் அதே வழியில் ஏற வேண்டும் என்றால் என் வலது முட்டி சம்மதிக்காது. தேய்ந்துபோன முட்டி. நான் எழுந்து நின்றால் அது தனியாக ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் எழும். வளைவில் பஸ் நிற்கிற வரைக்கும்தான் எனக்கு வேலை, வேலை இருக்கிற வரைக்கும்தான் வீட்டில் அடுப்பு. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி, டிவிக்கு முன்னால் செய்தி வாசிப்பவர்களோடு சண்டை போடும் உத்தியோகத்தில் இருக்கிறார்.

வளைவில் முன்பு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஒரு காற்றில் கூரை பறந்து டீத்தோட்டத்துக்குள் போய் விழுந்தது. உன் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லேன் என்று ஊரே என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் சொன்னேன். நான் வாயை மூடுவதற்குள் அவர் சரி என்றுவிட்டார். அரசாங்க பாஷையில் அதற்கு நிழற்குடை என்று பெயர். நிழலுக்கு எங்கள் ஊரில் என்றைக்கும் பஞ்சம் கிடையாது, மழைக்கு ஒதுங்கத்தான் இடம் வேண்டும்.

வேலை ஜரூராக நடந்தது. வில்லாவுக்கு வந்த டைல்ஸ், வில்லாவுக்கு வந்த கம்பி, உட்கார வழவழவென்று கிரானைட் மேடை. மூன்று பக்கம் சுவர் எழும்பியது. அதில் ரோட்டுப் பக்கமும் ஒன்று. அதை அப்புறம் இடித்து வாசல் வைப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். கொத்தனாரைக் கேட்டால், பிளானில் இப்படித்தான் இருக்கிறது என்று கையை விரித்தார். கட்டி முடித்துப் பூசிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. முதலாளி தன் வழக்கப்படி அதையும் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கட்டிவிட்டார். திறந்த பக்கம் வியூ. ரோட்டுப் பக்கம் முழுச் சுவர். பக்கவாட்டில் ஒரு இடுக்கு வழியாக உள்ளே போக வேண்டும். ரோட்டுப் பக்கச் சுவரில் கறுப்பு கிரானைட் பலகை பதித்து, தங்க எழுத்தில் அவருடைய அம்மா பெயர், நினைவாக என்று போட்டு, அடியில் சின்னதாக அவர் பெயர்.

திறப்பு விழா அன்றைக்கே சகுனம் சரியில்லை. பெரிய மனிதர்கள் உள்ளே பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஜனங்கள் வெளியே சுவரைப் பார்த்து நின்றோம். பேச வந்தவருக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கடைசியில் டீச்செடிகளைப் பார்த்தே பேசி முடித்தார். பூந்தி வாங்குகிற மும்முரத்தில் பஸ் வந்து, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. எங்கள் பக்கத்து ஐப்பசி மழை மேலேயிருந்து விழாது, காற்றோடு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும். திறந்த பக்கம் வழியாக நேராக முகத்தில் அடிக்கும். நனைவதாவது பழகின விஷயம், பஸ் தெரியவில்லையே! ரோட்டோரம் நின்றால் என்ன என்று கேட்பீர்கள். நின்றுகொண்டிருந்த இடத்தில்தானே சுவர் நிற்கிறது. சுவரை ஒட்டிப் பூச்செடிக்குத் தொட்டி, தொட்டியை ஒட்டி ரோட்டின் வெள்ளைக் கோடு. ஒரு ஆள் வேண்டுமானால் ஒண்டிக்கொண்டு நிற்கலாம்.

அந்த ஒரு ஆளை வைத்து ஊர் ஒரு ஏற்பாடு செய்தது. முறை போட்டோம். தண்ணீருக்கு முறை போடுவதில்லையா, அந்த மாதிரி பஸ் பார்க்க முறை. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு. முறைக்காரர் குடையோடு தொட்டியில் ஒரு காலும் வெள்ளைக் கோட்டில் ஒரு காலுமாக நிற்பார். பஸ் தலை தெரிந்ததும் சுவரை ஓங்கித் தட்டுவார். உள்ளே இருக்கிறவர்கள் இடுக்கு வழியாக வெளியே பாய வேண்டும். டிரைவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு ஆள் என்று நிறுத்தினால், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு கல்யாண கோஷ்டியே வந்து ஏறுகிறது. மனுஷன் முதல் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் பழகிவிட்டார். ஊருக்குள் மட்டும் சண்டை ஓயவில்லை. என் முறையில்தான் மழை கொட்டுகிறது, உன் முறைக்கு வெயில் காய்கிறது, நீ மேகத்துக்குக் காசு கொடுத்து வைத்திருக்கிறாய் என்று இரண்டு வீட்டுக்காரிகள் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாருடைய கோபமும் கடைசியில் என் தலையில்தான் விடிந்தது. உன் முதலாளி, உன் நிழற்குடை, உன் வியூ. நானும் அவரிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே இருந்தால் பஸ் வருவது சரியாகத் தெரிவதில்லை என்று மெல்ல ஆரம்பித்தேன். அவ்வளவுதானே என்று மறுவாரமே கொண்டை ஊசி வளைவுகளில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய குவிகண்ணாடியைக் கம்பம் நட்டு வைத்துவிட்டார். பாதி நாள் அதில் மூட்டம்தான் தெரிந்தது. மீதி நாள் குரங்கு தெரிந்தது. ஒரு தாட்டியான குரங்கு அதற்கு முன்னால் உட்கார்ந்து தன் பல்லைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் உள்ளே இருக்கிற குரங்கோடு என்ன மனஸ்தாபமோ, பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விட்டது.

நேராகச் சொல்லிவிடலாம் என்றால் ஊர்த்தலைவர் விடவில்லை. ஊருக்கு ஒரு கல்யாண மண்டபம் கட்டித் தருவதாக முதலாளி வாயைத் திறந்திருந்தார். அது கைக்கு வரட்டும், இப்போது போய் மனுஷன் மனசை நோகடித்துவிடாதே என்று என்னிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். மண்டபத்தையும் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கட்டினால் மாப்பிள்ளை எந்த வழியாக உள்ளே வருவார் என்று கேட்டேன்.

தை மாதம் பழைய டிரைவருக்கு மாற்றல் வந்தது. புது டிரைவர் கீழ்நாட்டு ஆள், எங்கள் சுவர் தட்டும் சாத்திரமெல்லாம் அவருக்குத் தெரியாது. வளைவில், ஈர ரோட்டில், குடையோடு ஒற்றைக் காலில் நிற்கிற பொம்பளையைப் பார்த்து பிரேக் போட அவர் தயாராக இல்லை. ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் முக்கில் வைத்துக் கண்டக்டர் சொன்னார்: உங்கள் ஸ்டாப்பில் ஆளே ஏறுவதில்லை, டிப்போவில் பேச்சு நடக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து பஸ் ஊருக்குள் வராது, எல்லாரும் முக்குக்கே வந்துவிட வேண்டியதுதான்.

ஊர்க்காரர்கள் டிப்போவைத் திட்டினார்கள், டிரைவரைத் திட்டினார்கள், மூச்சு வாங்கிவிட்டு என்னைத் திட்டினார்கள். முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

அதற்கு மறுநாளோ என்னவோ, மறுபடியும் பஸ் நிற்காமல் போனது. மற்றவர்கள் சாபம் விட்டுக்கொண்டே முக்குக்கு இறங்கினார்கள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மூட்டம் துப்புரவாக விலகி, பள்ளத்தாக்கு கழுவி வைத்தது போல இருந்தது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. திருப்பூர்க்காரத் தம்பதி ஒன்றை வியூ காட்டக் கூட்டி வந்திருந்தார். அந்தம்மா சொர்க்கம் சொர்க்கம் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் படம் எடுத்தார். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்களுக்கே இப்படி ஒரு வியூ கொடுத்திருக்கிறேன் என்றால் உங்களுக்கு எப்படிக் கொடுப்பேன், யோசித்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன அம்மிணி, இன்னும் பஸ்ஸு வரலையா?" என்றார்.

அவ்வளவுதான். மண்டபமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது எனக்கு.

"பஸ்ஸு வந்துருச்சுங்க சார். போயும் போயிருச்சுங்க. இந்தச் செவுத்துக்குப் பொறகால ஆளிருக்கறது டிரைவருக்குத் தெரியலீங்க. அடுத்த மாசத்துல இருந்து இங்க பஸ்ஸே நிக்காதாமாங்க. இந்த மலையை நாங்க பொறந்ததுல இருந்து பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம். எங்களுக்குப் பாக்கக் கிடைக்காதது பஸ்ஸு ஒண்ணுதானுங்க."

திருப்பூர் அம்மா தூக்கின கையை இறக்காமல் அப்படியே நின்றார். முதலாளி அவர்களை டீ சாப்பிடச் சொல்லிக் காரில் அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் மேடையில் உட்கார்ந்தார். போச்சு, வேலை போச்சு, முட்டிக்கு இனி நிரந்தர ஓய்வுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"எங்கம்மா சாயப்பட்டறைல வேலை பாத்துச்சு" என்று ஆரம்பித்தார். "சின்னப் பையன்ல நானுங்கூடப் போவேன். பஸ்ஸுக்கு நிக்கற எடத்துக்கு முன்னாடியே சாயத்தண்ணி வாய்க்கா. ஒரு நா செவப்பா ஓடும், ஒரு நா நீலமா ஓடும். முந்தானைல மூக்கப் பொத்திட்டு அதையே பாத்துட்டு நிக்கும். இங்க நிக்கறவங்களாவது நல்லதப் பாத்துட்டு நிக்கட்டுமேன்னுதான் அம்மிணி இப்படிக் கட்டினேன். அந்த வாய்க்காப் பக்கம் பாக்காதம்மா, வேற பக்கம் திரும்பிக்கன்னு நான் சொல்லுவேன். திரும்பினா பஸ்ஸு போயிருமேடான்னு சொல்லும்."

சொன்னவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் எழுந்து இடுக்கு வழியாக வெளியே போனார். நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தச் செவுருங்களா?" என்று கேட்டார். என்னைப் போய் 'ங்க' போட்டுக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெயர் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு ஒரு ஜன்னல் மாதிரி வைத்துப் பார்க்கலாமே என்றேன். ஜன்னல் வைத்தால் பஸ் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் முட்டி வலித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஆள் வந்து சுவரை இடித்தார்கள். பலகையை மட்டும் உடையாமல் பெயர்த்து, கம்பளியில் சுற்றி, முதலாளி தன் காரிலேயே வைத்துக் கொண்டுபோனார். ஊர்த்தலைவர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். யார் என்ன சொன்னார்கள், யாரும் ஒரு குறையும் சொல்லவில்லையே என்று பதறினார். அதுதான் குறை என்று முதலாளி சொன்னார். வேறு என்னவெல்லாம் இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். ஒரு நிமிஷம் ஊரே காலடியைப் பார்த்தது. பிறகு டீச்சர் மெல்லத் தொண்டையைச் செருமி ஃபேன் என்றார். அதோடு மடை திறந்தது. ஃபேன், மோர், சர்ச்சுக்குக் கொடுத்த தண்ணீர் குளிர வைக்கும் மெஷின், எஸ்டேட் குடியிருப்புக்குக் கொடுத்த விசிறி மட்டைகள். முதலாளியின் காது சிவந்துபோனது. ஆனாலும் முழுசாகக் கேட்டுக்கொண்டார். சிலோன்கார வீட்டுப் பெரியவர் ஒருவர் மனம் பொறுக்காமல், மோர் நல்ல மோர்தான் என்று ஆறுதல் சொன்னார்.

ரோட்டுப் பக்கம் திறந்தாயிற்று. பள்ளத்தாக்குப் பக்கம் மழைக்காக முழுச் சுவர். எங்கள் முதலாளி கட்டினதிலேயே வியூ இல்லாத ஒரே கட்டடம் அது. அந்தச் சுவர் எழும்பும்போது அவர் பக்கத்தில் நிற்கவில்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் பஸ் நிற்க வேண்டுமே. டிப்போக்காரர்கள் அடுத்த மாதம் என்றால் அடுத்த மாதம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் ஆள் ஏறட்டும், அப்புறம் நான் சொல்லிப் பார்க்கிறேன் என்று கண்டக்டர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். அதனால் பூச்சு காய்ந்த மறுநாள் காலையில் வேலை இருக்கிறவர், இல்லாதவர், என் வீட்டுக்காரர் உள்பட எல்லாரும் வந்து நின்றோம். முதலாளியும் வந்துவிட்டார். பஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். அவர் கார் எதிர்ப்பக்கம் நின்றது. என் கை முட்டி மேலேயே இருந்தது.

வளைவில் பஸ் தலை தெரிந்ததும் மொத்த ஊரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கியது. புது டிரைவர் இத்தனை முகத்தை ஒரே இடத்தில் எதிர்பார்க்கவில்லை போல. பஸ் குலுங்கி, முக்கி முனகி, எங்களுக்கு நேராக வந்து நின்றது. இவ்வளவு பேரும் இத்தனை நாளாக எங்கே இருந்தீர்கள் என்று கண்டக்டர் படியில் நின்று கேட்டார். இங்கேதான் இருந்தோம் என்றேன். அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம் ஏறியது. அந்த நெரிசலில் முதலாளியையும் அள்ளி உள்ளே போட்டுவிட்டார்கள். அவர் இறங்குகிறேன் இறங்குகிறேன் என்று சொன்னது விசில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய காரை அவர் டிரைவர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

கொழுந்து பறிக்கப் போகிற அம்மா ஒருவர் எழுந்து அவருக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். மாட்டேன் என்றவரைத் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தார். ஊரைத் தாண்டி அடுத்த வளைவில் பஸ் திரும்பியதும், டீத்தோட்டம் சரிந்து இறங்கி, பவானி ஆறு வரைக்கும் முழுப் பள்ளத்தாக்கும் ஜன்னலில் வந்து நின்றது. முதலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"அம்மிணி, இது தெனமும் இப்படியே தெரியுமா?"

"தெரியுமுங்க சார். பஸ்ஸு நின்னாத்தானுங்க ஏற முடியும்."

அவர் திரும்பவே இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "எங்கம்மாளுக்கு ஒரு நாளும் ஜன்னல் சீட்டு கிடைச்சதில்ல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு இலவசம், அவருக்கு டிக்கெட் வேண்டும். பர்ஸ் காரில் இருக்கிறது என்று சட்டைப் பையைத் தடவினார். இருக்கட்டும் சார் என்று நான்தான் ஒரு கோத்தகிரி எடுத்தேன்.